ஒடிசாவில் தாழ்வு மண்டலம், அவலாஞ்சியில் பெருமழை: கடல் மேகமும் நம் பருவமழையும்

நீலகிரியில் மழையளவு பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு தேதிகளைத் தாண்டிப் போகவே முடியாது. 2009 நவம்பர் 10 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் 82 சென்டிமீட்டர் மழை. 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் அதே 82 சென்டிமீட்டர். மறுநாள் கணக்கு 91. ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் பத்து லிட்டர் தண்ணீர். ஒரு கட்டில் போடுகிற இடத்தில் ஒரே நாளில் 1,600 லிட்டருக்கு மேல் கொட்டியிருக்கிறது. கேத்தியில் அப்படிக் கொட்டிய அந்த நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே நேர்க்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர்தான். ஆனால் கேத்தி மழை ஐப்பசியில் கிழக்கே இருந்து வந்தது. அவலாஞ்சி மழை ஆடியில் மேற்கே இருந்து வந்தது. அவலாஞ்சி வெள்ளக்காடான அந்த இரண்டு நாளும் கிழக்குச் சரிவில் இருக்கும் கோத்தகிரிக்குக் கிடைத்தது அதில் ஒரு சிறு பங்குதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு முறையும் மழைக்குக் காரணமான சுழற்சி நீலகிரிக்கு மேலே இல்லை, பக்கத்திலும் இல்லை. 2019இல் வடமேற்கு வங்கக்கடலில் உருவான ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஆகஸ்ட் 7 அன்று ஒடிசாவின் வடகரையைக் கடந்தது. அங்கிருந்து அவலாஞ்சி 1,500 கிலோமீட்டருக்கும் அப்பால். 2009இல் குமரிக்கடலில் தோன்றிய தாழ்வு, லட்சத்தீவு ஓரமாக அரபிக்கடலுக்குள் போய் அப்புறம்தான் பியான் என்று பெயர் வாங்கியது. நவம்பர் 11 அன்று மகாராஷ்டிரக் கரையைக் கடந்தது. புயல் எங்கேயோ போக, மழை நம் தலையில் விழுந்தது.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் வானிலை அறிக்கையில் வரும் பாதி வார்த்தைகளுக்கு அர்த்தம் பிடிபட்டுவிடும். மலையில் வாழ்கிறவர்களுக்கு இது வெறும் பொது அறிவு இல்லை. வீட்டுக்குப் பின்னால் மண் நிற்குமா, நிற்காதா என்பது வரைக்கும் இதில் அடங்கியிருக்கிறது.

கடல் கொதிக்கும் இடம்

கடலில் எல்லா இடத்திலும் பெரிய மழைமேகம் கட்டுவதில்லை. மேல்மட்ட நீரின் வெப்பம் ஏறக்குறைய 28 டிகிரி செல்சியஸைத் தொட்ட பிறகுதான் வானளாவிய மேகங்கள் அங்கே சகஜமாக எழும்புகின்றன. வங்கக்கடல் சித்திரையிலிருந்து கார்த்திகை வரை பெரும்பாலும் இந்த அளவுக்கு மேலேயே இருக்கிறது. அரபிக்கடலின் மேற்கு ஓரம், சோமாலியாவை ஒட்டிய பகுதி, ஆடி ஆவணியில் ஆழத்து நீர் மேலே வந்து வெகுவாகக் குளிர்ந்துவிடும். அதனால்தான் பருவமழைக் காலத்துத் தாழ்வுகள் பெரும்பாலும் வங்கக்கடலில் பிறக்கின்றன.

28 டிகிரி என்பது ஒரு நுழைவுச்சீட்டு மட்டுமே. கடல் சூடாக இருந்தும் மேகமே இல்லாத நாட்கள் நிறைய உண்டு. சூடான கடலுக்கு மேலே ஈரக்காற்று நாலா பக்கமிருந்தும் வந்து குவியவும் வேண்டும்.

குவிந்த காற்று மேலே ஏறுகிறது. ஏறினால் குளிர்கிறது, அதில் இருக்கும் நீராவி துளியாகிறது. உண்மையான விசை இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல ஐந்து மடங்குக்கும் அதிகமான வெப்பம் அதே ஒரு லிட்டரை ஆவியாக்க வேண்டும். கடலிலிருந்து ஆவி கிளம்பும்போது அந்த வெப்பத்தை உள்ளே ஒளித்துக்கொண்டு கிளம்புகிறது. மேகத்தில் மறுபடி துளியாகும்போது அவ்வளவையும் சுற்றியுள்ள காற்றில் விட்டுவிடுகிறது. காற்று சூடாகி இன்னும் மேலே போகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. அந்த இடத்தை நிரப்பச் சுற்றிலும் இருந்து புதுக்காற்று ஓடி வருகிறது. அது வரும் வழியெல்லாம் கடல்மேல் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. மேகம் காற்றை இழுக்க, காற்று மேகத்தை வளர்க்கிறது.

இப்படி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்கு மேகங்கள் திரண்டுவிட்டால் அதன் பாதிப்பு அந்த இடத்தோடு நிற்பதில்லை. மேலே போன காற்று வேறெங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கும் காற்று சூடாகி உலர்ந்துபோகும். அங்கே மேகம் கட்டாது. குளிர்கால ராத்திரியில் ஒரே கம்பளிக்குள் இரண்டு பேர் படுத்திருந்தால், ஒருவர் தன் பக்கம் இழுக்கும்போது மற்றவர் முதுகு வெளியே வந்துவிடும் அல்லவா, கடல் மேகங்களுக்குள்ளும் அந்த மாதிரி ஓர் இழுபறி எப்போதும் இருக்கிறது. ஓரிடத்தில் மேகம் பொங்கினால் இன்னோரிடத்தில் வானம் வெளுக்கும். பருவமழையைப் பற்றிய முக்கால்வாசி விஷயம் இந்த இழுபறியில் இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது

பருவக்காற்று என்றதும் பாடப்புத்தகத்தில் படித்தது நினைவுக்கு வரும்: கோடையில் நிலம் கடலைவிடச் சூடாகிறது, அதனால் கடற்காற்று நிலத்தை நோக்கி வீசுகிறது. எட்மண்ட் ஹேலி 1686இல் சொன்ன விளக்கம் இது. இது தப்பு இல்லை, ஆனால் போதாது. நிலம் மட்டுமே காரணம் என்றால் நாடு மிகவும் காய்ந்து கிடக்கும் மே மாதத்தில்தான் மழை உச்சத்தில் இருக்க வேண்டும். வறட்சி ஆண்டுகளில் நிலம் இன்னும் அதிகமாகச் சூடாகிறது. அந்த ஆண்டுகளில் மழை கூடுவதில்லையே.

பருவமழை என்பது நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் ஒரு பெரிய மேகப்பட்டை, கோடையில் சூரியனைப் பின்தொடர்ந்து வடக்கே நகர்ந்து இந்தியாவின் மேல் வந்து உட்காருவது. இந்தப் பார்வையைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு உறுதியாக்கியவர்கள் நம் நாட்டு விஞ்ஞானிகள். டி.ஆர்.சிக்காவும் சுலோசனா காட்கிலும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், மேகப்பட்டை ஒரே முறை வடக்கே வந்து நின்றுவிடுவதில்லை, பருவம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது என்று காட்டினார்கள். இந்தியப் பெருங்கடலில் நிலநடுக்கோட்டின் அருகே மேகங்கள் புதிதாகத் திரளும்; சில வாரங்களில் மெல்ல வடக்கே ஏறும்; நிலத்தின்மேல் இருக்கும் பழைய மேகப்பட்டை வலுவிழக்கும்போது அதற்கு உயிர் கொடுக்கும். மழை வலுத்து, ஓய்ந்து, மறுபடி வலுக்கிற ஆட்டம் இதிலிருந்து வருகிறது.

கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இதைப் புத்தகம் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனியில் பத்து நாள் விடாமல் அடிக்கும். அப்புறம் ஒரு வாரம் வெயில் காயும். தேயிலைக்கு மருந்து அடித்துவிடலாம் என்று நினைக்கும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். அந்த வெயில் வாரத்தில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் மாலத்தீவுக்குத் தெற்கே கடல் வெள்ளையாகப் பொங்கிக் கிடப்பதைப் பல தடவை காணலாம். இந்த ஓய்வு நீண்டுபோனால் நாடே தவித்துவிடும். 2023 ஆகஸ்ட் அப்படித்தான் ஆனது. நாடு முழுவதற்குமான மழை வழக்கத்தைவிட 36 சதவீதம் குறைந்தது. 1901இலிருந்து எந்த ஆகஸ்டும் அவ்வளவு வறண்டதில்லை.

ஒரு விசேஷம்: மேற்குக் காற்று ஓய்ந்திருக்கும் இந்த நாட்களில் தமிழ்நாட்டின் உள்மாவட்டங்களில் சாயங்கால இடிமழை கூடும். நாட்டுக்கு மழை இல்லை என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருக்கும்போது கோயம்புத்தூரிலும் கோத்தகிரியிலும் இடி இடித்துப் பெய்வது இதனால்தான்.

தாழ்வு நமக்கு எந்தப் பக்கம்?

இனி அவலாஞ்சிக்கும் கேத்திக்கும் வருவோம். பூமி சுழல்வதால், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எந்தத் தாழ்வைச் சுற்றியும் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். ஒரு காகிதத்தில் வட்டம் போட்டு அம்புக்குறி வரைந்து பாருங்கள். வட்டத்தின் தெற்குப் பக்கத்தில் அம்பு மேற்கிலிருந்து கிழக்கே போகும். வடக்குப் பக்கத்தில் கிழக்கிலிருந்து மேற்கே வரும்.

ஆடியில் தாழ்வு ஒடிசாப் பக்கம் உட்கார்ந்தால் நாம் அதற்குத் தெற்கே இருக்கிறோம். நம்மைக் கடந்து போவது மேற்குக் காற்று. ஏற்கெனவே அந்த மாதங்களில் அரபிக்கடலிலிருந்து பலமான மேற்குக் காற்று வீசிக்கொண்டுதான் இருக்கும். தென்னிந்தியப் பெருங்கடலில் கிளம்பி, கென்யாவை ஒட்டி நிலநடுக்கோட்டைத் தாண்டி, சோமாலியக் கரையில் வேகம் பிடித்து நம் மேற்குக் கரைக்கு வருகிற காற்று அது. தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும். குந்தா மலைத்தொடரும் முக்குறுத்தியும் 2,000 மீட்டருக்கு மேல் எழும்பி அதன் வழியில் குறுக்கே நிற்கின்றன. ஒடிசாத் தாழ்வு அந்தக் காற்றைத் தன் பக்கம் இன்னும் வேகமாக இழுக்கிறது. இழுபட்ட காற்று மலையில் மோதி, வேறு வழியில்லாமல் மேலே ஏறி, கையில் இருக்கும் ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டுகிறது. அவலாஞ்சி, அப்பர் பவானி, தேவாலா, நடுவட்டம் எல்லாம் அந்த மேற்கு விளிம்பில் இருக்கும் ஊர்கள். 2019 ஆகஸ்ட் 8 அன்றுதான் மலைக்கு அந்தப்புறம் மலப்புறம் மாவட்டத்துக் கவளப்பாறையிலும் வயநாட்டுப் புத்துமலையிலும் நிலச்சரிவுகள் நடந்தன.

விளிம்பைத் தாண்டி இறங்கியதும் அதே காற்று உலர்ந்துவிடுகிறது. மசினகுடி, மாயாறுப் பக்கம் முள்காடாக இருப்பதற்கு இதுவே காரணம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் பங்கு உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றிக்கொண்டு போகிறது. அம்மியைப் பறக்கவைக்கும் ஆடிக்காற்றும் அவலாஞ்சி மழையும் ஒரே காற்றுதான். ஒன்று மலையில் முட்டியது, மற்றது சந்து கிடைத்து நழுவியது.

ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ். மேகப்பட்டை தெற்கே இறங்கிவிடுகிறது. தாழ்வுகள் தென் வங்கக்கடலிலும் குமரிக்கடலிலும் வருகின்றன. தாழ்வு நமக்குத் தெற்கே இருந்தால் நாம் அதற்கு வடக்கே. நமக்குக் கிடைப்பது கிழக்குக் காற்று. வங்கக்கடல் ஈரத்தோடு சமவெளியைத் தாண்டி வந்து மேட்டுப்பாளையத்துக்கு மேலே எழும்பும் கிழக்குச் சரிவில் மோதுகிறது. குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பள்ளத்தாக்கு நனைகின்றன. 2009இல் தாழ்வு குமரிக்கடலிலிருந்து லட்சத்தீவுப் பக்கம் நகர்ந்த நேரம் முழுக்கக் கிழக்குக் காற்று அந்தச் சரிவிலேயே வந்து முட்டிக்கொண்டிருந்தது.

ஆக, சுருக்கமான கணக்கு: தாழ்வு நமக்கு வடக்கே என்றால் மலையின் மேற்கு முகம் நனையும், தெற்கே என்றால் கிழக்கு முகம் நனையும். இதில் விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் நீலகிரியின் பெருமழை நாட்களைப் புரட்டிப் பார்க்கும்போது இந்த ஒரு வரி பெரும்பாலும் கைகொடுக்கிறது. பழனி மலைக்காரர்களுக்கு இன்னொரு வகையும் தெரியும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, டெல்டாவைச் சிதைத்துவிட்டு மேற்கே நகர்ந்து கொடைக்கானல் பக்கமாகவே போய் அரபிக்கடலில் இறங்கியது. அது புயலே மலை ஏறி வந்த அபூர்வம்.

புயல் வந்தால் மழை வருமா?

"கடலில் புயல் உருவாகியிருக்கிறதாம், நல்ல மழை கிடைக்கும்" என்று டீக்கடையில் பேசிக்கொள்வோம். புயல் ஈரத்தைக் கொண்டும் வரும், பறித்துக்கொண்டும் போகும். பக்கத்துக் கடலில் இருந்து ஈரத்தைத் தன் மையத்துக்கு உறிஞ்சித்தான் அது உயிர் வாழ்கிறது. மையம் நம்மைவிட்டு விலகிப் போனால் நமக்கு மிஞ்சுவது நிலத்துப் பக்கமிருந்து வரும் வறண்ட காற்று.

2023 ஜூன் தொடக்கத்தில் அரபிக்கடலில் பிபர்ஜாய் உருவானது. அது வடக்கே நகர்ந்து 15ஆம் தேதி குஜராத்தில் கரையேறும் வரை, கேரளக் கரைக்கு வர வேண்டிய பருவக்காற்று ஒழுங்காகக் கூடிவரவில்லை. வழக்கமாக ஜூன் 1 வாக்கில் தொடங்கும் மழை அந்த ஆண்டு ஜூன் 8 அன்று, அதுவும் பலவீனமாகத் தொடங்கியது. கேரளத்தின் ஜூன் மழை வழக்கத்தில் பாதிகூட இல்லை. கேரளத்துக்கு வராத மழை கூடலூருக்கும் வராது.

இதைவிடக் கூர்மையான உதாரணம் 2016. அந்த டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கரையேறி மரங்களைச் சாய்த்துப் போட்டது. அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அது ஏதோ பெருமழை ஆண்டு போலத் தோன்றும். உண்மையில் அந்த வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. ஒரு நாள் புயல் வேறு, மூன்று மாதப் பருவம் வேறு. எதிர்ப்பக்கமும் பாருங்கள்: 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பெய்தது. அதற்குக் காரணம் குமரிக்கடல் பக்கம் நின்ற ஒரு மேலடுக்குச் சுழற்சி. அதற்குப் பெயர்கூடக் கிடையாது. பெயர் வைத்த புயல்களுக்கு மட்டும் பயப்படும் பழக்கத்தை மலைவாசிகள் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் மண்ணைக் கரைத்தவை பெரும்பாலும் தாழ்வுகளே. பியான்கூடக் கேத்தியில் கொட்டிய நேரத்தில் புயலாகவே ஆகியிருக்கவில்லை.

ஆடி ஆவணியில் வங்கக்கடலில் பெரும்புயல் ஏன் வருவதில்லை என்ற கேள்வி எழலாம். அந்த மாதங்களில் கீழ்மட்டத்தில் பலமான மேற்குக் காற்று, மேல்மட்டத்தில் அதற்கு நேரெதிராகப் பலமான கிழக்குக் காற்று. மேகத்தூண் நிமிர்ந்து நிற்பதற்குள் தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று இழுபட்டுவிடும். அதனால் அவை தாழ்வு மண்டல அளவிலேயே நின்று, மெதுவாக நிலத்துக்குள் மேற்கு வடமேற்காக நகர்ந்து பரவலாக மழை தருகின்றன. இது நாட்டுக்குப் பெரிய வரம். ஒரு தென்மேற்குப் பருவத்தில் இப்படிப் பத்துப் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட தாழ்வுகள் வருவது வழக்கம். அவை எத்தனை நாள் உயிரோடு இருந்தன என்பதை வைத்து வடக்கே வயல் நனைவதும் நனையாததும் அமைகிறது.

பருவம் முழுவதற்கும் கணக்கு

ஒரு நாள் மழை சரி. மூன்று நான்கு மாதக் கூட்டுத்தொகை கூடுமா, குறையுமா என்பதை எது முடிவு செய்கிறது? இங்கேயும் அதே இழுபறிதான், ஆனால் மிகப் பெரிய அளவில். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பில் இருந்த கில்பர்ட் வாக்கர், பஞ்சங்களை முன்கூட்டியே சொல்ல வழி தேடி உலகத்துக் காற்றழுத்தக் கணக்குகளையெல்லாம் அடுக்கிப் பார்த்தார். பசிபிக் பெருங்கடலின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது என்பது அவர் கண்ணில் பட்டது. பிற்பாடு எல் நினோவோடு சேர்த்துப் புரிந்துகொள்ளப்பட்டது அதுவே. எல் நினோ ஆண்டில் பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் கடல் சூடாகி, மேகங்கள் அந்தப் பக்கம் போய்விடும். இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் காற்று இறங்கும். தென்மேற்குப் பருவமழைக்கு அது கெடுதல்.

ஆனால் எப்போதும் இல்லை. 1997இல் அந்த நூற்றாண்டின் மிகப் பலமான எல் நினோக்களில் ஒன்று வந்தது. எல்லோரும் வறட்சியை எதிர்பார்த்தார்கள். மழை வழக்கத்தில் 102 சதவீதம். 2002இல் எல் நினோ அவ்வளவு பலமில்லை. ஆனால் அந்த ஜூலை காய்ந்துபோய், பருவம் 19 சதவீதக் குறைவில் முடிந்தது. இந்த முரணுக்குச் சுலோசனா காட்கிலும் அவர் கூட்டாளிகளும் 2004இல் தந்த பதில் மறுபடியும் மேகம்தான், இந்த முறை நம் கடலிலேயே. நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்தியப் பெருங்கடலில் மேகங்கள் மேற்கே, சோமாலியாவுக்கும் மாலத்தீவுக்கும் நடுவே கூடி, கிழக்கே சுமத்ரா பக்கம் அடங்கியிருந்தால் நம் பருவமழைக்கு நல்லது. கிழக்கே கூடி மேற்கே அடங்கினால் கெடுதல். 1997இல் மேற்கே கூடின. 2002இல் நேர்மாறு. பசிபிக்கையும் இந்தியப் பெருங்கடலையும் சேர்த்துப் பார்த்தால் வறட்சி ஆண்டுகளும் வெள்ள ஆண்டுகளும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கின்றன. 2019இலும் மேற்கு இந்தியப் பெருங்கடல் மிகவும் சூடேறியது. ஜூன் மாதம் 33 சதவீதக் குறைவில் இருந்த பருவம், செப்டம்பர் முடிவில் 110 சதவீதத்தில் வந்து நின்றது.

நமக்கு இங்கே ஒரு தனிக் கணக்கு உண்டு. எல் நினோ தென்மேற்குப் பருவத்தைக் கெடுத்தாலும் வடகிழக்குப் பருவத்துக்கு அது பெரும்பாலும் துணை. இந்தோனேசியப் பக்கம் அமுங்கிய காற்று ஈரத்தோடு மேற்கே திரும்பித் தென்னிந்தியாவை நோக்கி வருவதற்கு அது வழி செய்கிறது. 2015இல் நாடு முழுவதும் தென்மேற்கு மழை 14 சதவீதம் குறைந்தது. அதே ஆண்டு ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாடு வெள்ளத்தில் தத்தளித்தது. ஆகவே எல் நினோ என்று செய்தி வந்தால் கூடலூர்த் தோட்டக்காரரும் குன்னூர்த் தோட்டக்காரரும் ஒரே மாதிரிக் கவலைப்பட வேண்டியதில்லை. குந்தா அணைகளின் தண்ணீரும் அதன் கீழே பவானிசாகர் பாசனமும் மேற்கு முகத்து மழையை நம்பியிருப்பதால் கவலை ஈரோடு வரைக்கும் நீளும்.

இவற்றுக்கு நடுவில் ஓடும் இன்னொரு அலையையும் சொல்லிவிடுகிறேன். ரோலண்ட் மேடன், பால் ஜூலியன் என்ற இருவர் 1971இல் கண்டுபிடித்தது, எம்.ஜே.ஓ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஒரு பெரிய மேகத் திரள் இந்தியப் பெருங்கடலில் தொடங்கி, நிலநடுக்கோட்டை ஒட்டியே கிழக்கே பசிபிக் வரை ஊர்ந்து போகும். 30 முதல் 60 நாளில் ஒரு சுற்று. அது நம் கடலில் இருக்கும் வாரங்களில் தாழ்வுகள் எளிதில் பிறக்கும்.

படத்தை எப்படிப் பார்ப்பது

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் தளத்தில் இன்சாட் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அகச்சிவப்புப் படம் மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்தது என்பதைக் காட்டுகிறது. உயரமான மேகம் என்றால் குளிர்ந்த உச்சி, பளிச்சென்ற வெள்ளை. இதில் புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆடியில் அவலாஞ்சியிலோ தேவாலாவிலோ கொட்டோ கொட்டென்று கொட்டும்போது படத்தில் அந்த இடம் மங்கிய சாம்பலாக இருக்கும். மலை முட்டிப் பெய்யும் மேகங்கள் அதிக உயரம் போவதில்லை. அதனால்தான் அந்த மழையில் இடி கிடையாது: நாள் கணக்கில் காற்றோடு சாய்ந்து விழும் சாரல், மரமெல்லாம் மஞ்சு. சித்திரையில் தொட்டபெட்டாவுக்கு மேலே மத்தியானம் கருத்து, இடித்து, ஆலங்கட்டி போடும் மழையைப் பாருங்கள். அது உள்ளூர்ச் சூட்டில் செங்குத்தாக எழும்பிய மேகம். படத்தில் சின்னப் புள்ளியாக இருந்தாலும் பளபளக்கும்.

இந்த வேறுபாடு இப்போது மங்கி வருகிறது என்பதைத்தான் கவலையோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 வெள்ளத்தை ஆராய்ந்த கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மேற்குக் கரையில் பருவமழை நடுவிலேயே உயரமான மேகங்கள் எழும்பிக் குறைந்த நேரத்தில் அதிகம் கொட்டியதைக் காட்டினார்கள். தென்கிழக்கு அரபிக்கடல் சூடாகிவருவதோடு இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். ஆடியில் கூடலூரில் இடி கேட்டால் இனி அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முன்னறிவிப்பைப் பொறுத்தவரை, எது எவ்வளவு தூரம் பேசும் என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஏப்ரலில் வரும் பருவக் கணிப்பு நாடு முழுவதற்குமான கூட்டுத்தொகை. அதை வைத்து ஒரு வட்டத்தின் மழையைச் சொல்ல முடியாது. எம்.ஜே.ஓ எங்கே இருக்கிறது என்பது இரண்டு வாரத்துக்கு ஓரளவு கைகொடுக்கும். தாழ்வு எங்கே பிறக்கும், எந்தப் பக்கம் நகரும் என்பது மூன்று நான்கு நாளுக்கு நன்றாகவே தெரிந்துவிடுகிறது. எந்த மடிப்பில் 20 சென்டிமீட்டர், எந்த மடிப்பில் 80 என்பதை முந்தின நாள்கூடச் சொல்வது கடினம். காற்று மலையில் எந்தக் கோணத்தில் முட்டுகிறது, சுழற்சி நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பதெல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன.

ஆகவே ஐப்பசி, கார்த்திகை அறிக்கையில் "குமரிக்கடல்", "லட்சத்தீவுப் பகுதி", "மெதுவாக நகர்கிறது" என்ற மூன்றும் ஒன்றாக வந்தால், கிழக்குச் சரிவில் மண்ணை வெட்டிக் கட்டிய வீடுகளில் இருப்பவர்கள் எத்தனை சென்டிமீட்டர் என்ற எண்ணைப் பார்த்துக் காத்திருக்க வேண்டாம். பின்சுவரை ஒட்டிய வடிகாலில் இலை, மண் அடைத்திருந்தால் அன்றைக்கே அள்ளிவிடுங்கள். மேட்டில் புதிதாக விரிசல் தெரிந்தாலோ, தெளிவாக ஓடிய ஊற்று கலங்கினாலோ ராத்திரி அங்கே தங்காதீர்கள். ஆடியில் "ஒடிசாக் கரை அருகே தாழ்வு மண்டலம்" என்று கேட்டால் அதே வேலை கூடலூர், பந்தலூர், குந்தா வட்டத்துக்காரர்களுக்கு.